நாற்பது பேருக்கு வயிற்றுவலி

அந்த பிஸ்கட் ஆலையில் மனிதர்களுக்கு ஒரே ஒரு நோய்தான் வரும். வயிற்றுவலி. பிஸ்கட்டை அடுக்கிப் பெட்டியில் போடும் பேக்கிங் பிரிவில் நாற்பத்தோரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆறு வருடத்து லீவு விண்ணப்பங்களைப் புரட்டினால் ஒருத்திக்காவது காய்ச்சல் வந்ததாகவோ, ஒருத்தி வீட்டிலாவது கல்யாணம் நடந்ததாகவோ ஒரு வரி கிடைக்காது. 'காரணம்' என்று அச்சடித்த கட்டத்தில் வரிசையாக வயிற்றுவலி, வயிற்றுவலி, வயிற்றுவலி. விவரம் தெரியாத ஆள் பார்த்தால் இவர்கள் பிஸ்கட் செய்கிறார்களா, விஷம் செய்கிறார்களா என்று சந்தேகப்படுவார்.

அந்த நோயைப் பரப்பியவர் ஆறு வருடத்துக்கு முன் வந்த பேக்கிங் சூப்பர்வைசர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியதால் அவருக்குப் பெயரே விசில். லீவு கேட்டு வருகிறவளை அவர் நிற்க வைத்து விசாரிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். தங்கைக்குக் கல்யாணம் என்றால், "கல்யாணம் அவளுக்கா உனக்கா?" என்பார். காய்ச்சல் என்றால், "மாத்திரையைப் போட்டுட்டு வந்து நில்லு. வேலை செஞ்சா வேர்த்து எறங்கிரும்" என்பார். மாமனார் செத்துப்போய்விட்டார் என்று அழுதுகொண்டு வந்தவளிடம், "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க? முடிச்சுட்டு ரெண்டாவது ஷிஃப்டுக்கு வந்திரு" என்று சொன்ன புண்ணியவான் அவர்.

வயிற்றுவலியிடம் மட்டும் விசிலின் பருப்பு வேகவில்லை. உணவுப்பொருள் ஆலை அல்லவா? வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் தரையில் போட்டிருக்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்று கை கழுவும் இடத்தில் பெரிய பலகை தொங்கியது. பிஸ்கட் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். தினமும் காலையில் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நோட்டில் 'வயிறு நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்க முடியும். கடைசியில் விசிலே சலித்துப்போய், "ஏன் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி என் உயிரை வாங்கறீங்க? வயித்துவலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்த் தொலைங்க" என்று வழிகாட்டிவிட்டார். மூன்று நாளுக்கு மேல் வலித்தால் கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதனால் யாருக்கும் மூன்று நாளுக்கு மேல் வலித்ததில்லை.

டேப்பக்காவுக்கு இரண்டு வருடத்தில் பதினோரு நாள் வலித்திருந்தது. பிஸ்கட் வரும் பெல்ட்டின் கடைசியில் நின்று அட்டைப்பெட்டிகளை டேப் ஒட்டி மூடுகிறவள் என்பதால் அவள் டேப்பக்கா. அவளுடைய மகளுக்கு மூன்றரை வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அந்தப் பதினோரு நாளில் எட்டு நாள், பரிசோதனைக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. மற்ற மூன்று நாள், காதுக்குள் கருவி வைத்த ஆபரேஷன். நாலாம் நாள் காலையில் தலைக்கட்டோடு படுத்திருந்த பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்து, 'வயிறு நலம்' என்று எழுதிவிட்டு டேப் ஒட்டினாள். அன்று எத்தனை பெட்டி ஒட்டினாளோ, அத்தனை பெட்டியையும் மனதுக்குள் சபித்தாள்.

கருவி வைத்தவுடன் காது கேட்டுவிடாது. புண் ஆறி, ஐந்து வாரம் கழித்துத்தான் அதை இயக்குவார்கள். அன்றிலிருந்து பத்து நாள் தினமும் பயிற்சி. தாயோ தகப்பனோ கூடவே இருந்து குழந்தையிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். திரும்ப முறை வர எட்டு மாதம் ஆகும். பயிற்சி டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "முதல் நாள் நீங்கதான் பேசணும்மா. அவ வாழ்க்கையில கேக்கிற முதல் குரல் உங்களோடதா இருக்கட்டும்."

தகப்பன் லாரி ஓட்டுகிறவன். எங்கோ ஒரு துறைமுகத்தில் சரக்குக்காகக் காத்துக் கிடந்தான். அவன் திரும்பி வர இருபது நாள் ஆகும். ஆஸ்பத்திரியில் எல்லாமே ஆலை கொடுத்த மருத்துவ அட்டையில்தான் நடந்தது. வேலை போனால் அட்டை போச்சு, அட்டை போனால் பயிற்சி போச்சு. ஆக டேப்பக்காவுக்கு லீவும் வேண்டும், வேலையும் வேண்டும். பத்து நாள் வயிற்றுவலியோ எந்த டாக்டரிடமும் செல்லாது.

அப்படி அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு பெரிய ஆர்டருக்காகக் கிடங்கில் இருந்த பெட்டிகளையெல்லாம் ஒரேயடியாக ஏற்றினார்கள். கூரை வரை மறைந்திருந்த பின்சுவர் வெளியே வந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்பு. தொழிலாளர்கள் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன அறிவிப்பு. மாட்டினார்கள்; மாட்டிவிட்டு அதன் முன்னால் பெட்டியை அடுக்கிவிட்டார்கள். என்ன மூளை! டேப்பக்கா கையுறையால் தூசியைத் துடைத்துவிட்டுப் படித்தாள். ஓராண்டு வேலை பார்த்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தோடு பதினான்கு நாள் ஆண்டு விடுப்பு உண்டு. பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். வயிற்றைப் பற்றியெரிய வைக்கிற வரி அது. அவளுக்குச் சொந்தமான நாட்களை அவள் ஆறு வருடமாகத் திருடியைப் போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எடை போடும் இடத்தில் பத்தொன்பது வருடமாக நிற்கும் பெரியக்காவைக் கூட்டிவந்து காட்டினாள். "அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குன்னுல்ல சொன்னாங்க?" என்றாள் பெரியக்கா. பிறகு அவளும் படித்தாள். "இருபது வருஷம் ஆகப்போகுதேம்மா எனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பயிற்சி தொடங்கும் திங்கட்கிழமைக்குப் பதினெட்டு நாள் முன்னதாகவே டேப்பக்கா பத்து நாள் ஆண்டு விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டு வாரம் வரை பதில் இல்லை. இன்னும் நாலு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேனேஜர் குரல் உயர்த்தாத மனிதர். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம், இப்படிப்பட்டவர்களிடம் என்ன செய்வது? "உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். உள்ளே அவளுடைய வயிற்றுவலிகள் தேதிவாரியாக இருந்தன.

"பதினோரு நாள். இது சாதாரணம் இல்லம்மா. ஒரு உணவுத் தொழிற்சாலையில இவ்வளவு வயித்துக் கோளாறு இருக்கிற ஒருத்தரை வேலைக்கு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா வாங்கறவங்க என்ன சொல்லுவாங்க? கம்பெனி டாக்டர் பார்த்துட்டுத் தகுதி இல்லைன்னு எழுதிட்டா, பத்து நாள் என்ன, நிரந்தரமாவே வீட்டுல இருக்கலாம்."

"சார், எனக்கு வயித்துவலியே கிடையாது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சூப்பர்வைசர் சார்தான் அப்படி எழுதச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்."

"எல்லாரையும் விடுங்க. நீங்க பதினோரு நாளுக்கும் பொய் எழுதிக் குடுத்ததா சொல்றீங்க, இல்லையா? அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. மோசடிக்கு வேற நடவடிக்கை இருக்கு."

டேப்பக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நோயாளி என்றாலும் வெளியே, பொய்க்காரி என்றாலும் வெளியே. பொய்யைச் சொல்லிக் கொடுத்ததும் இவர்கள்தான், இப்போது அதைத் தூக்கிக் காட்டி மிரட்டுவதும் இவர்கள்தான்.

"இந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கோங்க. நானும் எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றார் மேனேஜர். "திங்கக்கிழமை நீங்க லைன்ல நிக்கணும். வரலைன்னா வேலையை விட்டுட்டதா எடுத்துக்குவோம். இன்னொரு தடவை வயித்துவலின்னு எழுதினீங்கன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்."

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஓடினாள். அலுவலரின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது.

"சார் லீவு" என்றார் வாசலில் இருந்த உதவியாளர். "பத்து நாள். ஆண்டு விடுப்பு."

"எதுக்கு லீவு?"

உதவியாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா கேள்வி இது? அவர் லீவை அவர் எடுக்கிறார். காரணத்தை நம்மகிட்டயா சொல்லுவார்?"

டேப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே படியிறங்கினாள், தெருமுனைக்கு வந்தபோது அது அழுகையாகியிருந்தது. அலுவலர் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்குக் கிடைத்தது சட்டப்படி கிடைத்தது. அதே சட்டம் தனக்கு மட்டும் ஏன் பெட்டிக்குப் பின்னால் நின்றது என்பதுதான் அவளுடைய ஆத்திரம்.

வீட்டில் நாத்தனார் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். புருஷனுக்கு மூத்தவள், தைக்கும்போது அவளுடைய வாய் ஊசியைவிட வேகமாக ஓடும். அன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டாள்.

"திங்கக்கிழமை பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன்."

"தாய் தகப்பன் இல்லாம சேத்துக்க மாட்டாங்க அண்ணி."

"சேக்காம எங்க போவாங்க? கெஞ்சறேன், சண்டை போடறேன், எதையாவது பண்ணி ரெண்டு நாள் வாங்கறேன். அதுக்குள்ள நீ அந்தப் பாவிகிட்டருந்து கையெழுத்தை வாங்கிட்டு வந்து சேரு."

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் விஷயம் பரவியது. பெஞ்சில் உட்கார்ந்து தொப்பி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் முதலில் உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் ஒருத்தி, "நாம வாயைத் திறந்தா நம்ம பேப்பரையும் எடுப்பாங்களே. நாமளும் பொய் எழுதினவங்கதானே?" என்றாள். மற்றவர்கள் குனிந்து தொப்பியை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பயம் டேப்பக்காவுக்குப் புரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் தொப்பியை இறுக்கிக் கட்டியிருப்பாள்.

பெரியக்காதான் பேசினாள். "பொய்யை எழுதச் சொன்னது யாரு? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டது யாரு? இவளோட பேப்பரை எடுத்து, இது நோயா பொய்யான்னு கேட்டாரில்ல? சரி, நாமளும் கேப்போம். திங்கக்கிழமை எனக்கு வயித்துவலி. நோயா பொய்யான்னு அவரே முடிவு பண்ணட்டும்."

"எனக்கும்" என்றாள் மாமனார் செத்த அன்று இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்தவள்.

"இவளுக்கு வலிக்கக் கூடாது" என்று பெரியக்கா டேப்பக்காவைக் காட்டினாள். "இவ ஒருத்திக்கு மட்டும் வயிறு நல்லா இருக்கட்டும். இவ உள்ள நிக்கட்டும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நோட்டில் முதல் வரியில் பெரியக்கா நிதானமாக, முத்து முத்தான எழுத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதிவிட்டு, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தாள். அடுத்தவளுக்கும் வயிற்றுவலி. அதற்கடுத்தவளுக்கும். நாற்பது வயிற்றுவலிகளுக்குக் கீழே டேப்பக்கா 'வயிறு நலம்' என்று எழுதினாள். அவள் ஒருத்தி மட்டும் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

அடுப்புப் பிரிவில் அதற்குள் அடுப்பைச் சூடாக்கிவிட்டார்கள். பிஸ்கட் அடுப்பு வீட்டு அடுப்பு அல்ல, நினைத்தவுடன் அணைக்க. அது பாட்டுக்கு வேகவைத்து அனுப்பியது. பெல்ட்டில் வரிசை வரிசையாக பிஸ்கட் வந்தது. அடுக்க ஆளில்லை, எடை போட ஆளில்லை, பையில் போட ஆளில்லை. எல்லாம் நேராக டேப்பக்கா நின்ற முனைக்கு வந்து தரையில் கொட்டியது. அவளிடம் டேப் இருந்தது, ஒட்டுவதற்குப் பெட்டி இல்லை. முழங்கால் உயரத்துக்கு பிஸ்கட் குவிய, அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் கோட்டருகே ஓடிவந்து விசிலை ஊதினார். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேனேஜர் வந்தார். "எல்லாரும் நடிக்கிறீங்களா?" முதல் முறையாகக் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நடிப்புன்னா, ஆறு வருஷமா நடிச்சதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டது உங்க சூப்பர்வைசர். அப்படின்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள் பெரியக்கா. "நிஜமான வலின்னா, பிஸ்கட் ஆலையில நாப்பது பேருக்கு ஒரே நாள்ல வயித்துவலின்னு சுகாதாரத்துறைக்குச் சொல்லுங்க. அவங்க வந்து பூட்டிட்டுப் போகட்டும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் கம்பெனி டாக்டரை வரவழைத்தார். டாக்டர் ஒவ்வொரு வயிறாக அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடமெல்லாம் வலித்தது. இருபத்து மூன்றாவது வயிற்றோடு அவர் எழுந்துவிட்டார். "வலிக்குதுன்னு சொன்னா நான் வலின்னுதான் சார் எழுதணும். எழுதினா ரிப்போர்ட்டை மேலே அனுப்பணும். எழுதவா?" மேனேஜர் அவசரமாக வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஆனது. பத்து மணிக்குத்தான் கருவியை இயக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லைனுக்குள் போன் கொண்டுவரக் கூடாது. டேப்பக்கா கடிகாரத்தையே பார்த்தாள். இந்த நிமிடம் அவளுடைய பிள்ளைக்கு உலகம் கேட்கத் தொடங்குகிறது. அவளோ உடைந்த பிஸ்கட்டுக்கு நடுவில், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், லைனில் நின்றுகொண்டிருக்கிறாள். நின்றாக வேண்டும், நகர்ந்தால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிவிடுவார்கள். கையில் இருந்த டேப்பை எடுத்து யார் முகத்திலாவது எறியலாம் போல இருந்தது.

அன்று முழுவதும் மேனேஜர் மசியவில்லை. ஆபீஸ் ஆட்களைக் கொண்டுவந்து லைனில் நிறுத்தினார். சட்டை மடிப்புக் கலையாத அந்த மனிதர்கள் ஒரு பெட்டி அடுக்குவதற்குள் நாலு பெட்டி அளவுக்கு நொறுக்கினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டில் மறுபடியும் நாற்பது வயிற்றுவலி. மதியம் சரக்கு ஏற்ற வந்த கண்டெய்னர் வெறுமனே திரும்பிப் போனது. சாயங்காலம் முதலாளியிடமிருந்து போன் வந்ததாகச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு விசில் தலையைக் குனிந்துகொண்டு வந்து, எல்லாருக்கும் ஆண்டு விடுப்பு உண்டு என்ற காகிதத்தை நோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். நாற்பது பேருக்கும் அந்த நிமிடமே வலி நின்றது.

மேனேஜர் டேப்பக்காவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். புதன்கிழமை முதல் பத்து நாள் என்று இருந்தது.

"சார், நான் கேட்டது திங்கக்கிழமையிலருந்து."

"போன தேதிக்கு லீவு குடுக்கச் சட்டத்துல இடமில்லம்மா" என்றார் அவர். இத்தனைக்குப் பிறகும் அந்த மனிதருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு டேப்பக்கா ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைக்குள் ஓடினாள். நாத்தனார் சொன்னபடியே செய்திருந்தாள். கெஞ்சியும் சண்டை போட்டும் இரண்டு நாள் வாங்கி வைத்திருந்தாள். சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த சின்ன அறை. குழந்தை தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் கருவியில் ஒரு பச்சை விளக்கு மினுங்கியது.

"திங்கக்கிழமை என்ன அண்ணி பேசினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு என்ன பேச வரும்? 'உங்கம்மா வந்துருவா, உங்கம்மா வந்துருவா'ன்னே சொல்லிட்டிருந்தேன். ரெண்டு நாளா அதேதான்."

டீச்சர் டேப்பக்காவைக் குழந்தைக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். "முகத்தைக் காட்டாம கூப்பிடுங்க. குரலுக்குத் திரும்புறாளான்னு பாப்போம்."

டேப்பக்கா கூப்பிட்டாள். மூன்றரை வருடமாகப் பதில் இல்லாமல் கூப்பிட்ட அதே கூப்பிடல். குழந்தையின் கை கட்டையோடு அப்படியே நின்றது. கேட்டுவிட்டது! முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து, எதிரே மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்தது. எழுந்து அவளிடம் ஓடியது. குரல் என்றால் அத்தை என்று அது இந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டிருந்தது.

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. குழந்தையின் தோளைப் பிடித்துத் தாயின் பக்கம் திருப்பினாள். "பரவாயில்லம்மா, போகப் போகப் பழகிடும்" என்றாள் டீச்சர்.

பழகிவிடும்தான். டேப்பக்கா குழந்தைக்கு எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழக்கூடாது, பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"நான்தான் உங்கம்மா" என்றாள். "திங்கக்கிழமையே வந்திருப்பேன். வரவிடல."

குழந்தை அவளுடைய வாயைப் பார்த்தது. அத்தையின் வாயைப் பார்த்தது. யாருடைய வாயிலிருந்து சத்தம் வருகிறது என்று அதற்குப் பிடிபடவில்லை. டேப்பக்கா அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.